ஒரு சிட்டும் ஒரு கேள்வியும்: பறவையறிஞர் சாலிம் அலியின் வாழ்வும் பணியும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம், பூ, பறவை, விலங்கு ஆகியவற்றைக் கருப்பொருள் என வகுத்துக் காட்டியவர்கள் நம் முன்னோர். இயற்கையைத் தனியொரு பாடமாகக் கருதாமல், வாழ்க்கையின் பின்புலமாகவே அவர்கள் கண்டனர். அத்தகைய இலக்கியத்தை நாள்தோறும் வகுப்பில் கற்பிக்கும் நாம், நம் சொந்த நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களில் எத்தனையைக் கண்ணால் கண்டு பெயர் சொல்லவல்லோம்? இக்கேள்வியை நான் என்னை நோக்கியே முதலில் எழுப்பிக்கொள்கிறேன். அதற்கொரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுத்த பாடலை இளங்கலை மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்தேன். நாரையின் அலகைப் பனங்கிழங்கின் பிளவுக்கு ஒப்பிட்ட உவமையின் நயத்தை விரித்துரைத்து முடித்த வேளையில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அவர் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன். தம் தந்தை வேலை செய்யும் பாத்திகளின் ஓரத்தில் சின்னஞ்சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக ஓடித் திரிவதாகவும், சித்திரை பிறந்ததும் அவை காணாமற் போய், ஆவணியில் மீண்டும் வந்துவிடுவதாகவும், இடைப்பட்ட மாதங்களில் அவை எங்கே போகின்றன என்றும் அவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. தேர்வுக்கு அது வேண்டியதில்லை என்று கூறி, அடுத்த பாடலுக்குச் சென்றுவிட்டேன். மாணவர் அமர்ந்தார். அதன் பின்னர் அவர் வகுப்பில் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பின்னொரு நாள் பறவையறிஞர் சாலிம் அலியின் வாழ்க்கையைப் படித்தபோது என் நெஞ்சு சுட்டது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கேட்ட கேள்வியை ஒரு பெரியவர் மதித்தார். அதன் பயனாக ஒரு நாடே தன் பறவைகளை அறிந்துகொண்டது. கேள்வியை மதிப்பதற்கும் தட்டிக்கழிப்பதற்கும் இடையே எத்துணைத் தொலைவு உண்டென்பதை அப்பெருமகனின் வாழ்க்கை காட்டுகிறது. மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் ஒருங்கே வாசிக்கும் இம்மலரில் அவ்வரலாற்றை எடுத்துரைப்பது பொருத்தமெனக் கருதுகிறேன்.

பிறப்பும் வளர்ப்பும்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் அவருடையது. மொய்சுத்தீன், ஜீனத்துன்னிசா தம்பதியரின் பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவர் துணைவியார் ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தனர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தையப்ஜியும் அவருக்கு மாமன் முறையினரே. கல்வியிலும் பொதுப்பணியிலும் பெயர்பெற்ற பெருங்குடும்பத்தின் அரவணைப்பில் அநாதைச் சிறுவன் வளர்ந்தான்.

அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேட்டை ஒரு விளையாட்டு. சாலிமுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. வீட்டைச் சுற்றித் திரியும் சிட்டுகளைச் சுட்டுக் கொணர்ந்து சமைக்கக் கொடுப்பது அவருக்கு வழக்கம். ஒரு நாள் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான ஊர்க்குருவி அன்று அது. இது எந்த வகைப் பறவை, முஸ்லிம்கள் உண்ணத் தக்கதுதானா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமாவிடம் கொண்டு சென்று காட்டினார்.

மாமாவும் அறியார். ஆயினும் அவர் சிறுவனை அதட்டவில்லை. தமக்குத் தெரிந்ததுபோல் எதையேனும் சொல்லி அனுப்பவுமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் மதிப்புறு செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, நேரில் சென்று கேட்டு வருமாறு அனுப்பினார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஆற்றுப்படுத்தும் பண்பு இது. ஆற்றுப்படை இலக்கியம் கண்ட தமிழர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

திறந்த இழுப்பறைகள்

1883இல் தொடங்கப்பெற்ற அச்சங்கத்தின் வாயிலில், இறந்த சிட்டைக் கையில் பொதிந்துகொண்டு ஓர் இந்தியச் சிறுவன் அச்சத்தோடு நின்றான். வெள்ளையர் ஆட்சி ஓங்கியிருந்த காலம் அது. மில்லார்டு சிறுவனை அன்போடு உள்ளே அழைத்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளங் கூறினார். அத்துடன் நின்றிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். அவர் எழுந்து சென்று, பதப்படுத்திய பறவைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிப்பதற்கு நூல்களை இரவல் தந்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் கலையைக் கற்றுத்தர முன்வந்தார். இந்நாட்டுப் பறவைகள் இத்துணை வகையினவா என்று சிறுவன் வியந்தான். அந்த வியப்பு எண்பது ஆண்டுகள் நீடித்தது.

மில்லார்டு பறவையோடு மரங்களையும் நேசித்தவர். பின்னாளில் சாலிமின் மற்றோர் ஆசானாக வாய்த்த அருள்தந்தை எத்தல்பர்ட் பிளாட்டரும் மில்லார்டும் இணைந்து இந்தியாவின் அழகிய மரங்களைப் பற்றி நூல் எழுதினர். மரமும் பறவையும் மண்ணும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் அறிவு, இத்தகையோரின் அருகிலிருந்தே சாலிமுக்கு வந்து சேர்ந்தது.

கானகமே பள்ளி

பள்ளிப் படிப்பு அவருக்கு எளிதாக அமையவில்லை. பதின்மூன்று வயதளவில் தீராத தலைவலியால் வகுப்புக்குச் செல்ல இயலாமற் போயிற்று. காற்று மாற்றத்துக்காகச் சிந்துப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1913இல் ஒருவாறு மெட்ரிக் தேர்வில் தேறினார். கல்லூரியின் முதலாண்டோ பெருந்துன்பமாயிற்று. கணக்குப் பாடம் அவரை வாட்டியது. படிப்பை நிறுத்திவிட்டு, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவின் தவாய் நகருக்குச் சென்றார்.

வணிகத்தில் அவர் பெரிதாக ஈட்டவில்லை. ஆனால் தவாயைச் சூழ்ந்திருந்த அடர்கானகம் அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தடம் பார்த்து நடப்பதும், ஓசையைக் கொண்டு உயிரினத்தை அறிவதும், காட்டில் தங்கித் தன்னைத்தான் காத்துக்கொள்வதும் அங்கே கைவந்தன. பர்மிய வனத்துறையில் பணியாற்றிய ஹாப்வுட், ரிப்பன்டிராப் ஆகிய அலுவலர்களின் நட்பும் அங்கே கிட்டியது. காட்டைக் காசாக மட்டும் காணாமல் உயிரின் தொகுதியாகக் காணும் பார்வையைக் கானகத்தில் கழித்த அந்த ஆண்டுகள் அவருக்கு வழங்கின.

1917இல் தாயகம் திரும்பியவர், பம்பாயில் வணிகச் சட்டமும் கணக்கியலும் பயிலச் சேர்ந்தார். அவருடைய உள்ளம் எங்கே இருக்கிறது என்பதைத் தூய சவேரியார் கல்லூரியின் அருள்தந்தை பிளாட்டர் கண்டுகொண்டார். விலங்கியல் படிக்குமாறு வற்புறுத்தினார். காலையில் வணிகக் கல்லூரி, அதன் பின்னர் விலங்கியல் வகுப்பு என இரண்டையும் பயின்றார். ஆயினும் முறையான பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. 1918 டிசம்பரில் உறவினரான தெஹ்மினாவை மணந்தார். கணவரின் பறவை நாட்டத்தைக் குறைகூறாது, காடுமேடெல்லாம் உடன் நடந்த பெருந்துணை அவர்.

சிறுவர்க்கு வழிகாட்டி

1926இல் பம்பாய் வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில், புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவின் வழிகாட்டி விரிவுரையாளர் பதவி சாலிம் அலிக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கும் உயிரினங்களைப் பார்வையாளர்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளக்கிக் கூறுவது பணி. தமக்கு மில்லார்டு செய்ததைத் தாம் பிறர்க்குச் செய்யும் வாய்ப்பு அது. ஆனால் உயிரற்ற உருவங்களைக் காட்டி உயிருள்ள இயற்கையை விளக்குவதன் போதாமையும் அங்கேதான் அவருக்குத் தெளிவாயிற்று. தமக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதையும் உணர்ந்தார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு செருமனிக்குச் சென்று, பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரேசமானிடம் பயின்றார். ஸ்ட்ரேசமானையே தம் குருவாக அவர் வாழ்நாள் முழுதும் போற்றினார். ஹெலிகோலாந்துத் தீவின் பறவை நோக்கு நிலையத்தில், பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய வளையத்தை மாட்டி விடுத்து, அது போகும் இடத்தை அறியும் முறையையும் கற்றுக்கொண்டார். இந்த வளையத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் நம் தமிழகக் கடற்கரைக்கே அது வந்து சேரப்போகிறது.

1930இல் நாடு திரும்பியபோது அதிர்ச்சி காத்திருந்தது. பணப் பற்றாக்குறையால் அருங்காட்சியகத்தில் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்திலும் பட்டம் இல்லை என்ற காரணத்தால் இடம் கிடைக்கவில்லை. வருமானம் இல்லை. பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால் கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில், மனைவியின் குடும்பத்தாருக்கு இருந்த வீட்டில் சென்று தங்கினர்.

வேலையிழந்தவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. அவ்வூரில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் அவற்றின் அருகே மறைந்திருந்து நோக்கிக் குறிப்பெடுத்தார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்துகிறது, பெண்குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கிறது, பிடித்திருந்தால் தங்குகிறது, அதன் பின்னரே ஆண்குருவி கூட்டை முடித்து நீண்ட நுழைகுழலைப் பின்னுகிறது, பின்பு வேறொரு பெட்டைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது. இவ்வுண்மைகளை 1931இல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். செத்த பறவையின் தோலை அளப்பதே பறவையியல் என்றிருந்த காலத்தில், வாழும் பறவையின் வாழ்க்கையை அது வாழும் இடத்திலேயே அறிவதுதான் முதன்மை என்பதை அக்கட்டுரை நிலைநாட்டியது. உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கக் காணாத மாணவர் நம்மிடையே எவருமிலர். அதனடியில் ஒரு மணி நேரம் அமர்ந்தவர் எத்தனை பேர்?

நாடெங்கும் நடைப்பயணம்

பதவி இல்லாத நிலையையே அவர் வாய்ப்பாக மாற்றினார். சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கத் தாம் ஊதியமின்றி உழைப்பதாகவும், முகாமுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவை மட்டும் அரசுகள் ஏற்றால் போதுமென்றும் முன்வந்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தோர் என ஆய்வு நீண்டது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி ஆய்வு தொடங்கியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஆகவே நம் அண்டைக் குமரிமுனையையும் தழுவியதே அவ்வாய்வின் எல்லை. தட்டேக்காட்டுக் கானகத்தின் பறவை வளத்தை அப்பயணத்தில்தான் அவர் கண்டறிந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1983இல், அவ்விடம் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கூடாரத்தில் தங்கி, விடியுமுன் எழுந்து, நாள்முழுதும் நடந்து, இரவில் விளக்கொளியில் குறிப்பெழுதும் வாழ்க்கை அது. அதைச் சீராக நடத்திய துணைவியார் தெஹ்மினா, 1939இல் ஓர் அறுவை மருத்துவத்துக்குப் பின் காலமானார். பிள்ளைகள் இல்லாத சாலிம் அலிக்கு அவ்விழப்பு பேரிடியாயிற்று. தமக்கை கம்மூவும் அவர் கணவரும் தம் இல்லத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டனர். துயரை விழுங்கிக்கொண்டு அவர் மீண்டும் காட்டுக்கே திரும்பினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அக்கால ஆய்வு முறைப்படி அவரும் ஏராளமான பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவரே. இன்றைய மாணவர்க்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் துப்பாக்கியிலிருந்து இருநோக்கிக் கண்ணாடிக்கும், தோலிலிருந்து வாழ்விடத்துக்கும் இந்தியப் பறவையியல் நகர்ந்த நெடும்பயணத்தில் அவரே முன்னே நடந்தார். கற்றவர் மாறலாம், மாறவும் வேண்டும்.

ஒரு நூல் செய்த பணி

1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அறிஞர்க்கு மட்டுமன்றிப் பள்ளி மாணவர்க்கும் பயன்படுமாறு அதை அமைத்தார். புதிய பறவை ஒன்றின் உருவத்தைச் சொல்லும்போது, சிட்டளவு, மைனாவளவு, காக்கையளவு, பருந்தளவு என எல்லாரும் அறிந்த பறவைகளை அளவுகோலாக்கினார். அறிந்ததைக் கொண்டு அறியாததை உணர்த்தும் உவமைக் கலையே இது. வண்ணப் படமும் எளிய நடையும் சேர்ந்து, அந்நூலைத் தலைமுறைகளின் கைநூலாக்கின.

சிறை வாழ்க்கையின்போது ஜவாகர்லால் நேரு அந்நூலைத் தம் மகள் இந்திராவுக்கு அனுப்பினார். பறவைகளின்பால் தமக்கு ஈடுபாடு பிறந்தது அந்நூலால்தான் என்பதை இந்திரா காந்தி பின்னாளில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை நீரில் மூழ்கடிக்கவிருந்த மின்திட்டத்தை எதிர்த்து அறிவியலாளரும் ஆசிரியரும் கவிஞரும் குரல் எழுப்பியபோது, முதியவரான சாலிம் அலியும் அவர்களோடு நின்றார். இந்திரா காந்தி பிரதமராயிருந்த காலத்திலேயே திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஓர் இளம்பெண்ணின் கையில் கிடைத்த நூலுக்கும் ஒரு மழைக்காடு பிழைத்ததற்கும் நடுவே பலருடைய உழைப்பு உண்டு. என்றாலும் அந்த நூலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்பதை யார் மறுப்பார்?

அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி வந்தபோது அவருக்கு அகவை எழுபத்தொன்றைக் கடந்திருந்தது.

மாணவர் வழி நீண்ட வாழ்வு

பட்டமில்லை என்று பதவி மறுக்கப்பட்ட அதே மனிதர், பின்னாளில் பம்பாய்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்க்கு நெறியாளரானார். அவரிடம் பயின்ற முதல் மாணவர் விஜயகுமார் அம்பேத்கர் எடுத்துக்கொண்ட பொருள் தூக்கணாங்குருவியே. ஆசிரியர் கிகிமில் விட்ட இடத்திலிருந்து மாணவர் தொடர்ந்தார். நம் அண்டை நகரான நாகர்கோவிலில் பிறந்த ஜே. சி. டேனியல் 1950இல் சங்கத்தில் சேர்ந்து, சாலிம் அலியின் நிழலில் வளர்ந்து, நாட்டின் தலைசிறந்த இயற்கை அறிஞருள் ஒருவரானார்.

அவருடைய பயிற்று முறை எளியது, ஆனால் கடுமையானது. முகாமில் விடியுமுன் எழவேண்டும். கண்டதைக் கண்டவாறு எழுதவேண்டும். நேரம் தவறக்கூடாது, சொல் தவறக்கூடாது. குறட்டை விடுவோரை அவரால் பொறுக்கவே இயலாது என்பது அவரோடு முகாமிட்டோர் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி. முதியவர் என்று எவரும் தமக்குச் சுமை தூக்குவதை அவர் விரும்பியதில்லை. மோட்டார் சைக்கிளில் பெருங்காதல் உடைய அவர், 1950இல் சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் நடந்த பன்னாட்டுப் பறவையியல் மாநாட்டுக்குத் தம் வண்டியையும் கொண்டுசென்று அறிஞர்களை வியக்கவைத்தார். தலைமைப் பண்பைப் பற்றி இன்று எத்தனையோ பயிலரங்குகள் நடக்கின்றன. முன்னே நடந்து காட்டுவதே தலைமை என்பதற்கு அம்மனிதரின் முகாம் வாழ்க்கை சான்றாகும்.

1959 முதல் பம்பாய்ச் சங்கம் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு பறவை வலசை ஆய்வை நடத்தியது. வெளிநாட்டுப் பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்பதை அறிவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஹெலிகோலாந்தில் கற்ற வளையமுறை பரத்பூரிலும், நம் நாகை மாவட்டத்துக் கோடிக்கரையிலும் கையாளப்பட்டது. இளைஞர் பலர் இரவெல்லாம் வலை கட்டி, பறவையைக் காயமின்றிப் பிடித்து, எடை பார்த்து, வளையமிட்டு, பறக்கவிட்டனர். கோடிக்கரை 1967இல் வனவுயிர்ப் புகலிடமாயிற்று. பரத்பூர் 1985இல் உலக மரபுடைமைத் தலமாயிற்று.

என் மாணவரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. உப்பளத்து ஓரத்தில் ஓடித்திரியும் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் போன்ற பறவைகள் சைபீரியாவின் வடகோடிப் பனிச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. அங்கே குளிர் தொடங்குமுன் புறப்பட்டு, மலையும் பாலையும் கடந்து, ஆவணியில் நம் கரைக்கு வருகின்றன; சித்திரையில் மீண்டும் வடக்கே செல்கின்றன. கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்கும் குறைவு. பறவை தென்திசைக்கு வந்து வடதிசைக்கு மீளும் என்பதைச் சத்திமுத்தப் புலவர் அறிந்திருந்தார். உப்பளத் தொழிலாளியின் மகன் கண்டிருந்தார். இடையில் நின்ற ஆசிரியனாகிய நான்தான் அறியாதிருந்தேன்.

நிறைவு

1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1967இல் பிரித்தானியப் பறவையியலார் ஒன்றியத்தின் பொற்பதக்கம், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் மதிப்புறு முனைவர் பட்டங்கள் எனப் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1976இல் கிடைத்த பன்னாட்டு விருதின் பெருந்தொகையை ஏறத்தாழ முழுவதுமாக இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்துவிட்டார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவ்வாண்டே தன்வரலாற்றை வெளியிட்டார். அதன் தலைப்பிலும் அந்தச் சிட்டையே வைத்தார். 1987 சூன் 20ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில், பம்பாயில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் பெயர் தமிழகத்தில் இரு வகையில் நிலைத்திருக்கிறது. தேனி மாவட்டத்து மேகமலைப் பகுதியில் 1948இல் பிடிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறொரு வகையெனத் தவறாகக் கருதப்பட்டுச் சங்கத்தின் இழுப்பறையில் கிடந்தது. 1972இல் அது புதிய இனமெனக் கண்டறியப்பட்டு, சாலிம் அலியின் பெயர் சூட்டப்பெற்றது. கோவை ஆனைகட்டியில் 1990இல் அவர் பெயரால் பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பட்டது.

நம் கரையும் நம் கடமையும்

நம் முத்துக்குளித்துறையிலும் இத்தகைய கல்வி ஒரு காலத்தில் இருந்தது. அது ஏட்டில் இல்லை, படகில் இருந்தது. காற்றின் போக்கும், நீரோட்டமும், முத்துப்பார்களின் கிடையும், ஆலாப் பறவை தாழப் பறக்கும் இடத்தில் மீன்கூட்டம் இருக்கும் என்பதும் சம்மாட்டியிடமிருந்தும் மூத்த குளியாளிடமிருந்தும் இளையவர்க்கு வந்து சேர்ந்தன. பரதவரும் முஸ்லிம்களும் அத்தொழிலில் தோளோடு தோள் நின்றனர். பாரைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்புக்குத் திறப்பது முறை. முதிராத ஆண்டுகளில் கடல் ஓய்வு பெற்றது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன் பின் பார்கள் வளம் குன்றின. ஓய்வு தரும் முறைமையோடு அதைக் கற்பித்த படகுப் பள்ளியும் மெல்ல மறைந்தது.

1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை நீளும் 21 தீவுகளுள் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தது அதற்குப் பெருங்காரணம். 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கண்ணெதிரே சுருங்கி வந்த வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன. சட்டமும் பாறையும் வேண்டும். அவற்றோடு, கரையை அறிந்து நேசிக்கும் இளைஞரும் வேண்டும். அவ்விளைஞரை உருவாக்கும் கடமை எவருடையது?

கடந்த இரண்டாண்டுகளாக, சனிக்கிழமை விடியலில் எம் துறை மாணவர் சிலருடன் உப்பளத்துக்கும் ஆற்றுமுகத்துக்கும் சென்று வருகிறேன். ஆளுக்கொரு குறிப்பேடு. நாள், இடம், காற்று, கண்ட பறவை, ஊரார் அதற்கு வழங்கும் பெயர் என எழுதுகிறோம். பல பெயர்களை நான் மாணவரிடமும் அவர்தம் பாட்டனாரிடமும் கற்றுக்கொள்கிறேன். பூநாரைகள் வந்திறங்கிய காலையொன்றில், எல்லாரும் பேச்சற்று நின்றோம். அன்று கடைசி வரிசையில் அமர்ந்த மாணவர் கல்லூரியை விட்டுச் சென்று நெடுநாளாயிற்று. அவருக்குத் தரவேண்டிய விடையை இவ்விளையவர்க்குத் தந்து கடன் தீர்க்க முயல்கிறேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் என் வேண்டுகோள் இதுவே. நம் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் ஒரு சிப்பியையோ சிறகையோ கையில் ஏந்தி வந்து ஏதேனும் கேட்கக்கூடும். விடை தெரிந்தால் சொல்வோம். தெரியாவிடில், அமீருத்தீன் தையப்ஜியைப் போல் தெரிந்தவரிடம் ஆற்றுப்படுத்துவோம். தெரிந்த இடத்தில் இருப்போர், மில்லார்டைப் போல் எழுந்து சென்று இழுப்பறையைத் திறந்து காட்டுவோம். அப்பிள்ளை நாளை யாராவான் என்பதை இறைவன் ஒருவனே அறிவான்.